களிமேட்டில் ஒரு மணல் குழி

செல்லப்பனின் கடப்பாரை மூன்றாம் முறையும் மண்ணில் இறங்காமல் எகிறியது. அவர் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சித்திரையில சாவணும்னு அந்தோணியம்மாளுக்குத்தான் தோணும். உசுரோட இருக்கசொல்லயும் வேல வாங்கினா, இப்பவும் வாங்கறா."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். சந்தியா சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை. குழியின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இருபத்தொன்பது வயது. கட்டடவியலில் டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருஷமாக வேலை. குழி என்று ஒன்றைக் கண்டால் கண் தானாகச் சுவருக்குப் போய்விடும். அம்மாவுக்கு வெட்டுகிற குழியிலும் அப்படியே போனது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தாள்.

மேலே ஒரு சாண் அளவுக்குப் பொரபொரவென்று உதிர்ந்த சாம்பல் நிறக் களி. அதற்குக் கீழே கட்டி கட்டியாக வெடித்த மண். இரண்டு விரல் நுழையும் வெடிப்புகள். இன்னும் கீழே களி நீலம் பாய்ந்திருந்தது. அங்கே கட்டிகள் ஒன்றையொன்று தள்ளி உரசியதில் முகங்கள் எண்ணெய் தடவியது போல மின்னின. மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்தத் தள்ளுமுள்ளில் விழுந்த பளபளப்பு. அங்கங்கே வெள்ளைச் சுக்கான்கல். நகம் அளவுக்குச் சின்னச் சிப்பிகள்.

களிமேடு, மரக்காணத்துக்கு மேற்கே கழுவேலி ஏரியின் ஓரத்தில் இருக்கிறது. இப்போது இருக்கிற கரைக்குள் அந்த ஏரி எப்போதும் அடங்கியிருந்ததில்லை. சில ஆயிரம் வருஷங்களுக்கு முன் கடல் இன்னும் உள்ளே ஏறி நின்றது. கழுவேலியும் அத்தனைக்கு அகலமாக இருந்தது. மேற்கிலிருந்து வந்த ஓடைகள் கொண்டுவந்ததில் கனமான மணல் ஓடைவாயிலேயே விழுந்துவிடும். மாவு போன்ற களி மட்டும் அசையாத நடுத்தண்ணீர் வரைக்கும் மிதந்து போகும். உப்புத் தண்ணீர் கலந்ததும் துகளும் துகளும் ஒட்டிக் கனத்து அடியில் இறங்கும். ஒரு வருஷத்துக்கு ஒரு நகக் கனம்கூட இருக்காது. பிறகு கடல் பின்வாங்கியது. ஒரேயடியாக அல்ல, நின்று நின்று. நின்ற இடத்திலெல்லாம் ஒரு படி விழுந்தது. கீழ்ப்படியில் இன்றைக்கு வயல்கள். மேல்படியில் ஊர், மாதா கோயில், கல்லறை.

செல்லப்பன் கடப்பாரை போட்டது ஒரு பழைய ஏரியின் தரையில்தான்.

"மூணடிக்கு மேல இன்னிக்கு ஆவாதும்மா. பொழுது சாஞ்சிடும்" என்றார் அவர்.

"மூணடி போதும். மேல நாங்க மிதிச்சிடறோம்" என்றாள் வேலம்மாள்.

வேலம்மாள் அந்தோணியம்மாளோடு முப்பது வருஷம் உப்பளத்தில் நின்றவள். ஒருத்தி மாதா கோயிலுக்குப் போவாள், இன்னொருத்தி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள். மற்றபடி இருவருக்கும் வேலை ஒன்று, வெற்றிலைப் பை ஒன்று. அவள் சொன்ன மிதிப்பு அந்த ஊர் வழக்கம். உப்பளத்து ஆள் செத்தால், குழியை மூடும்போது வெட்டிய களியையே உடைத்து, தண்ணீர் தெளித்து, ஒரு சாண் கனத்துக்கு ஒரு தரம் என்று போடுவார்கள். கூட வேலை செய்தவர்கள் ஆறு பேர் ஏறி, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, உப்புப் பாத்தியின் தரையை மிதிப்பது போலவே மிதிப்பார்கள். குதிகால் பதியாமல் போகும் வரைக்கும் மிதித்துவிட்டு இறங்குவார்கள். அதுதான் மரியாதை.

"மிதிக்க வேணாம்" என்றாள் சந்தியா.

"இன்னாது?"

"யாரும் மேல ஏறக் கூடாது, சின்னம்மா."

"ஏறாம? காத்தா வந்து மூடும்?"

"மணல் போட்டு மூடலாம். டிராக்டருக்குச் சொல்லிட்டேன்."

வேலம்மாள் செல்லப்பனைப் பார்த்தாள். செல்லப்பன் கடப்பாரையைப் பார்த்தார்.

"களியில பறிச்ச குழிம்மா. களியத்தான் போடணும். மணல்லாம் இங்க போடறதில்ல" என்றார்.

"களி போட்டா வெடிக்கும், அண்ணா. அடுத்த வெயில்ல அம்மா மேல இத்தன பெரிய வாய் தொறக்கும். மணல் வெடிக்காது."

"தொறந்தா இன்னா? மழை வந்தா மூடிக்கும்" என்றாள் வேலம்மாள். "எங்க மாமியா மேல தொறந்துச்சு. உங்கப்பன் மேல தொறந்துச்சு. மூடிக்கிச்சு."

சந்தியாவின் குரல் உடைந்தது. "மிதிச்சு மிதிச்சுத்தானே செத்தாங்க. அந்தக் காலாலதானே செத்தாங்க. இனிமே அவங்க மேல ஒரு கால் படக் கூடாது."

ஒரே பெண். பெற்றவளைப் புதைக்க வந்திருக்கிறாள். சொன்னதைச் செய்வோம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் கால்கள் முப்பத்தொரு வருஷம் மிதித்தவை.

அந்தோணியம்மாள் கீழ்புத்துப்பட்டுப் பக்கத்தில் பிறந்தவள். பதினேழு வயதில் களிமேட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். சந்தியாவுக்கு ஏழு வயதாகும்போது, உப்பு மூட்டை ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்து புருஷன் போய்ச் சேர்ந்தான். அதற்கு முன்னும் அவள் அளத்துக்குப் போனாள், பின்னும் போனாள். உப்பு வாருவதும் சுமப்பதும் எல்லோரும் செய்வது. தரை மிதிப்புக்கு மட்டும் அவளைத் தேடி வருவார்கள்.

மழை விட்டுத் தை மாதத்தில் பாத்திகளைத் திறக்கும்போது தரை குழம்பிக் கிடக்கும். அதைச் சரியான ஈரத்தில் மிதித்தாக வேண்டும். ஈரம் கூடினால் களி காலுக்கடியில் வழுக்கி ஓடும். குறைந்தால் ஒன்றோடொன்று சேராது. சேர்ந்துவிட்டால் கடல்நீர் கீழே இறங்காமல் நிற்கும், வெயிலில் வற்றும், உப்பாகும். எங்காவது ஓர் இடத்தில் பிசகினால் அந்தப் பாத்தி வருஷம் முழுக்க ஒழுகிக்கொண்டே இருக்கும்.

புதுக் களி எங்கே வெட்டுவது என்பதும் அவள் சொல்வதுதான். மேட்டுச் சரிவில் ஓர் உருண்டை எடுத்துத் திரி போல உருட்டி விரலில் மோதிரமாகச் சுற்றுவாள். விரிந்தால் தூக்கி எறிவாள். விரியாவிட்டால் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். நறநறவென்றால் மணல் கலந்திருக்கிறது என்று துப்புவாள். பல்லுக்கடியில் வெண்ணெயாக நழுவினால் "இங்க வெட்டு" என்பாள். சந்தியா படித்துவிட்டுப் போன பரிசோதனைக் கூடத்தில், கண்ணாடித் தகட்டின் மேல் களியை மூன்று மில்லிமீட்டர் திரியாக உருட்டி ஈரத்தை அளப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. லீவில் வந்து சொன்னபோது அம்மா, "அதுக்கா மூணு வருசம் காலேஜி?" என்றாள்.

ஒரு தடவை அம்மா மிதித்த தரையிலிருந்து ஒரு குழாய் அளவு மண் எடுத்துப்போய் நீர் கசிவைச் சோதித்தாள் சந்தியா. எண் வந்ததும் இரண்டு தடவை சரிபார்த்தாள். அடுத்த முறை ஊருக்கு வந்து, "உன் தரையில தண்ணி ஒரு சென்டிமீட்டர் எறங்க நாலு மாசம் ஆவும்மா" என்றாள்.

அந்தோணியம்மாள் யோசித்தாள். "அவ்ளோ சீக்கிரமாவா?"

மணல் என்றால் அவளுக்கு ஆகாது. "மணலு ஓட்டவாயி. எவன் வந்து கேட்டாலும் வுட்டுடும். களி அழுத்தக்காரி" என்பாள். அவளும் அழுத்தக்காரிதான். புருஷன் செத்த அன்று அவள் எங்கே அழுதாள், எப்போது அழுதாள் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பரில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பூசையில் இருந்தாள். மீனவர் குப்பங்களில் ஏறிய கடல், முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து அளங்களின் மேலும் ஏறியது. அனுமந்தைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்த பிறகுதான் களிமேட்டுக்கு விஷயம் தெரிந்தது. ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தண்ணீர் வடிந்தபோது பாத்திகள் முழுக்க நான்கு விரல் கனத்துக்கு மணல் படிந்து கிடந்தது. அந்த மணலோடு பலகை, ஓடு, வலை, உடைந்த பாட்டில்.

அந்த மணலை வழித்து எடுத்து, புதுக் களி கொட்டி, எல்லாத் தரையையும் முதலிலிருந்து மிதித்தாக வேண்டும். நாற்பது குடும்பம் அந்த அளத்தை நம்பியிருந்தது. ஜனவரி கடைசியில் அந்தோணியம்மாள் இறங்கினாள். இரண்டாம் வாரத்தில் வலது பாதத்தின் அடியில் ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியது. பிடுங்கி எறிந்துவிட்டு, துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு மிதித்தாள். அவளுக்குச் சர்க்கரை இருந்தது. வேலம்மாள் கத்தினாள். பாதியில் விட்டால் மிதித்த தரையும் காய்ந்து வெடித்துவிடும், எல்லாம் வீண் என்று சொல்லிவிட்டாள் அந்தோணியம்மாள். அது உண்மைதான்.

அந்த மாசியில் சந்தியா ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். சுனாமிக் குடியிருப்புகளுக்கு இடம் பார்க்கக் கரையோரம் முழுக்க மண் எடுத்துக்கொண்டிருந்த நேரம். மதியம் வந்து, சாப்பிட்டு, மாலைப் பஸ்ஸில் போய்விட்டாள். அம்மா நொண்டுவதைப் பார்த்தாள்.

"காலுக்கு என்னம்மா?"

"சுளுக்கு."

"காட்டு."

"அட, சோத்தத் துண்ணு. ஆறிடப்போவுது."

அம்மா காலை மடக்கிப் புடவைக்குள் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். கை நீட்டினால் எட்டும் தூரம். சந்தியா நீட்டவில்லை. பங்குனியில் தகவல் வந்து, புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது விஷம் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. டாக்டர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். சித்திரை முதல் வாரத்தில் அந்தோணியம்மாள் போய்விட்டாள். தரை எல்லாம் முடிந்திருந்தது. ஒரு பாத்தியும் ஒழுகவில்லை.

அடக்கத்தன்று டிராக்டர் வந்து மணலைக் கொட்டியது. எங்கிருந்து வந்த மணல் என்று சந்தியா கேட்கவில்லை. வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. வேலம்மாள் ஒரு பிடி அள்ளிப் பார்த்துக் கீழே விட்டாள். தள்ளிப் போய் நின்றாள். பெட்டி இறங்கியது. மணல் ஓசையில்லாமல் விழுந்தது. களிக்கட்டி விழுந்தால் பெட்டியின் மேல் சத்தம் கேட்டிருக்கும். அது கேட்காதது சந்தியாவுக்கு அன்றைக்கு ஆறுதலாக இருந்தது. வெட்டிய களி மேற்கே ஒரு குவியலாகத் தங்கிவிட்டது.

அக்டோபர் கடைசியில் சென்னையில் மழை பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் ஓர் அறிக்கை முடிய வேண்டியிருந்தது. கரையோரத்தில் ஒரு புதுக் குடியிருப்பில், கழிவறைக்கு எந்த மாதிரிக் குழி வெட்டலாம் என்று கேட்டிருந்தார்கள். கூட வேலை செய்கிற கார்த்திகேசன் எழுதியதைச் சந்தியா திருத்திக்கொண்டிருந்தாள். அவளே ஒரு பத்தியைத் தட்டச்சு செய்தாள்: இந்தக் களியில் வெட்டிய குழியை மணலால் நிரப்பக் கூடாது. சுற்றிலும் நீர் இறங்காத மண் என்பதால் மணற்குழி ஒரு தொட்டியாகிவிடும். சுற்றுப்புற மழைநீர் அதில் சேர்ந்து வடியாமல் நிற்கும். உள்ளே இருக்கும் எடை குறைந்த அமைப்புகள் மேலெழும்.

கார்த்திகேசன் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான்.

"எடை குறைஞ்ச அமைப்புன்னா? டேங்க்கா மேடம்?"

சந்தியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்? டீ சொல்லட்டுமா?"

அவள் ஒரு தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டாள். குழி ஆழம் மூன்றடி. பெட்டி உயரம் ஒன்றேகால் அடி. அம்மாவின் எடை நாற்பத்து நான்கு கிலோ. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்தது. பெட்டிப் பலகைக்குப் பதினெட்டு. மேலே இருக்கும் ஈர மணலின் எடையில் தண்ணீர் தாங்குவது போக மீதி. விடை வந்தது. போட்ட மணல் அப்படியே இருந்தால் பெட்டி எழாது. பாதி கரைந்து போனால் எழும்.

மழை நிற்கவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினாள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அங்கங்கே தண்ணீர் ஓடியது. மரக்காணத்தில் இறங்கி, ஆட்டோ வராமல், முழங்கால் தண்ணீரில் நடந்தாள். கலங்கிய வயல் தண்ணீர் எங்கும் இறங்க இடமில்லாமல் களியின் மேல் நின்றது. நான்கு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். அந்த எண்ணை உலகத்தில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அவள்.

கல்லறையில் வேலம்மாள் இருந்தாள். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு, குழியைச் சுற்றி வரப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். பாத்திக்குக் கட்டுகிற அதே வரப்பு. மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அதில் மோதிச் சுற்றிக்கொண்டு போனது.

"வந்துட்டியா, இஞ்சினீரு."

"எப்ப பாத்தீங்க, சின்னம்மா?"

"நேத்து சாயங்காலம். ஆடு மேய்க்கறவன் வந்து சொன்னான்."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே."

"நம்பரு உங்கம்மா கிட்டதான் இருந்துச்சு."

சந்தியா வரப்பைத் தாண்டிப் பார்த்தாள். மேடாகக் குவித்திருந்த மணல் போய்விட்டது. ஓட்டத்தில் கரைந்து சரிவில் வெள்ளைக் கோடாகப் படிந்து கிடந்தது. குழி இருந்த இடத்தில் கலங்காத தண்ணீர். மணல் வடிகட்டிய தெளிந்த தண்ணீர். அதில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது. கால்மாட்டுப் பக்கம், தண்ணீருக்கு வெளியே, பெட்டியின் ஒரு மூலை தெரிந்தது. யாரோ அதன் மேல் ஒரு தென்னம்மட்டையைப் போட்டு மறைத்திருந்தார்கள். மட்டை நழுவியிருந்தது.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், எழுந்திரு. சேத்துல குந்தாத."

"நான்தான் பண்ணேன், சின்னம்மா. தெரிஞ்சே பண்ணேன். எனக்கு இது தெரியும்."

"தெரியும்னா சொல்லி அழு, அப்பால. இப்ப மொண்டு ஊத்தணும். அந்த பக்கெட்டுக்குக் கைப்பிடி இல்ல. பாத்துத் தூக்கு."

இருவரும் மொண்டு ஊற்றினார்கள். பத்து மணி வாக்கில் செல்லப்பன் உப்பளத்துப் பெண்கள் நான்கு பேரோடு வந்தார். மழை தூறலாகக் குறைந்திருந்தது. அவர் குழியைப் பார்த்தார், சந்தியாவைப் பார்த்தார். சொல்லிக்காட்டுவார் என்று அவள் காத்திருந்தாள்.

"சித்திரையில கடப்பாரை எறங்கல. ஐப்பசியில மம்முட்டி வெளிய வரல" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.

மணலை வெட்டி வெளியே போட்டார்கள். ஈர மணல் குவியலில் சிப்பித்துண்டுகளும் கண்ணாடித் துகள்களும் மின்னின. ஒரு நீலப் பிளாஸ்டிக் மூடி. சந்தியா ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"இது அளத்து மணலா?"

செல்லப்பன் குனிந்து அடுத்த மண்வெட்டி மணலை அள்ளினார்.

"சின்னம்மா. அம்மா வழிச்சுப் போட்ட மணலா இது?"

வேலம்மாள் பக்கெட்டைக் கீழே வைத்தாள். "ரோட்டோரம் மல மாதிரி குவிச்சுக் கெடந்துச்சு. டிராக்டர்காரன் அதத்தான அள்ளுவான்? அவனுக்கு இன்னா தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும்ல? கையில எடுத்துப் பாத்தீங்களே. ஏன் சொல்லல?"

"நீ அன்னிக்கு நின்ன நெலமைக்கு இன்னாத்த சொல்றது? உங்காத்தா கால அறுத்த மணலுன்னா? மூடிக்கினு இருந்தேன். அவ கிட்டயும் அப்பிடித்தான் இருந்தேன். ஒன்ன கூப்புடறேண்டின்னேன். கூப்புட்டியானா மூஞ்சில முழிக்க மாட்டேன்னா." வேலம்மாள் முகத்தைச் சாக்கின் ஓரத்தால் துடைத்தாள். "கூப்ட்டிருக்கணும்."

பெட்டியின் பலகை ஊறி உப்பியிருந்தது; ஆனால் பிரிந்துவிடவில்லை. அது எழுந்த நேரத்தில் அடியில் மணல் சரிந்து நுழைந்துவிட்டது. பிறகு உள்ளே நீர் புகுந்து கனத்த பின்னும் பழைய இடத்துக்கு இறங்க முடியாமல் சாய்ந்து நின்றிருந்தது. அடி மணலைக் கையாலேயே அள்ளி எடுத்தார்கள். கயிறு கொடுத்துச் சமமாக இறக்கினார்கள். கால்மாட்டுக் கயிற்றைச் சந்தியா பிடித்தாள். பங்குச் சாமியார் குடை பிடித்துக்கொண்டு வந்து, செபம் சொல்லி, மந்திரித்த தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்.

"இப்ப களி?" என்றாள் சந்தியா. "எல்லாம் சேறா இருக்கும். இந்த ஈரத்துல மிதிச்சா சேராது. வழுக்கும். மழை விட்டுப் பத்து நாள் காயணும்."

அத்தனை நாள் குழியைத் திறந்து வைக்க முடியாது. அதையும் அவள் அறிவாள்.

வேலம்மாள் மேற்கே போய், சித்திரையில் வெட்டிப் போட்ட குவியலில் மண்வெட்டியைப் போட்டாள். மேலே நான்கு விரல் கனத்துக்குப் பிசுபிசுவென்ற சேறு. அதைத் தள்ளினாள். உள்ளே களி சாம்பல் நிறத்தில், பயறு பயறாக, உலர்ந்து கிடந்தது. ஆறு மாத வெயிலும் சில நாள் மழையும் பட்ட குவியல். மேல்தோல் முதல் மழையில் உப்பி, தன்னைத் தானே அடைத்துக்கொண்டு, மிச்ச மழையை உள்ளே விடவில்லை.

சந்தியா அதில் கையை நுழைத்தாள். முழங்கை வரை போனது. உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"மேல் சேறு ஒரு பங்கு, உள்களி மூணு பங்கு" என்றாள் அவள், தனக்கே சொல்வது போல.

"ரெண்டரை" என்றாள் வேலம்மாள். "உருட்டிப் பாரு."

சந்தியா கலந்து உருட்டினாள். விரலில் சுற்றினாள். நின்றது. வாயில் வைக்கவில்லை, வைக்க முடியவில்லை.

முதல் அடுக்கு பெட்டியைச் சுற்றிப் போட்டு, செல்லப்பன் கட்டையால் குத்தினார். பெட்டியின் மேல் முதலில் விழுந்த களி சத்தம் கேட்கும்படிதான் விழுந்தது. சந்தியா காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பெட்டிக்கு மேல் ஒரு சாண் ஏறிய பிறகு வேலம்மாளும் அந்த நான்கு பெண்களும் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறினார்கள். ஆறாவது இடம் காலியாக இருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அவள் செருப்பை அவிழ்த்தாள். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினாள். குழி ஓரத்தில் நின்று ஒரு காலைத் தூக்கினாள். அந்தக் கால் அந்தரத்தில் நின்றது.

"மேல வைக்க முடியல, சின்னம்மா."

"அப்ப வுடு. நாங்க அஞ்சு பேரு பாத்துக்கறோம். இதுல ஒன்னும் கொறயாது."

"அவங்களுக்கு வலிக்கும்னு தோணுது."

ஒரு பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். வேலம்மாள் மட்டும் அவளையே பார்த்தாள்.

"வலிச்சுதுதான். ரெண்டு மாசம் வலிச்சுது. இப்ப இல்ல" என்றாள்.

சந்தியா காலை வைத்தாள். களி குளிர்ந்திருந்தது. விரலிடுக்கில் ஏறிக் கணுக்காலைக் கவ்வியது. வேலம்மாளின் கை அவள் இடுப்பைப் பிடித்தது.

"குதிகால மொதல்ல. அர அடி, அர அடியா போ. ஆடாத. காலேஜில நடனமா கத்துக்குடுத்தாங்க?"

வரிசை நகர்ந்தது. போய் முட்டியது, திரும்பியது. செல்லப்பன் அடுத்த அடுக்குக் களியைப் போட்டார். மறுபடியும் போய்த் திரும்பினார்கள். சந்தியா எண்ணத் தொடங்கி, எண்ணுவதை விட்டாள். மூன்றாவது அடுக்கில் கால் கெண்டைச்சதை நடுங்கியது. அம்மா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இதைச் செய்தாள் என்பது அவளுக்கு எப்போதும் தெரிந்த தகவல்தான். வலது பாதத்தில் ஒரு துளையோடு பதினாறு நாள் செய்தாள். அதை நினைத்தபோது வலது குதிகாலை மெதுவாக வைத்தாள். வைத்த இடம் குழைந்து பதிந்தது.

"அங்க சரியா மிதி. அங்கதான் ஒழுவும்."

மேல் அடுக்கு முடிந்தபோது தூறல் மறுபடி வலுத்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி, தேங்கிய தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு, அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வேலம்மாளும் இறங்கினாள். சந்தியா மட்டும் போய்க்கொண்டும் திரும்பிக்கொண்டும் இருந்தாள்.

"போதும்டி. குதிகால் பதியல பாரு."

சந்தியா குனிந்து பார்த்தாள். காலைத் தூக்கி ஓங்கி வைத்தாள். தடம் விழவில்லை. இன்னொரு இடத்தில் வைத்தாள். அங்கேயும் விழவில்லை. அவள் ஓரம் ஓரமாகத் தேடிக்கொண்டு போனாள், எங்காவது இன்னும் பதிகிறதா என்று. தலைமாட்டில் இல்லை. கால்மாட்டிலும் இல்லை.

"எறங்கு, சந்தியா."

சித்திரையில் இது வெடிக்கும். எந்தப் பக்கம், எத்தனை விரல் அகலம் என்றுகூட அவளால் சொல்ல முடியும். மழை அவள் முதுகில் விழுந்து, கீழே வழிந்து, களியின் மேல் ஒரு கணம் நின்று, சரிவுப் பக்கம் ஓடியது. உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை. வேலம்மாள் கீழே நின்றபடி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். செய்ய எதுவும் மிச்சமில்லாமல், சந்தியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.